அந்தமானில் பாய்ப்படகு ஓட்ட ஜிபிஎஸ் போதாதா?

கேள்வி, 2025 ஜனவரி 11

"சென்னைத் துறைமுகத்துக்குள் மூன்று வருடமாக டிங்கி என்கிற சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன். பிப்ரவரி முதல் வாரம் நண்பர்களோடு போர்ட் பிளேரில் படகு ஏறி ஹேவ்லாக், நீல், லாங் ஐலண்ட் என்று பத்து நாள் சுற்றப்போகிறோம். பவளப்பாறை, பவளப்பாறை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, கடல் வரைபடத்தில் படகு நிற்கும் இடத்தைக் காட்டும் சார்ட் பிளாட்டர் இருக்கிறது, போனிலும் ஒரு ஆப் போட்டிருக்கிறேன். மேப்பை வைத்துக்கொண்டு வேளச்சேரி சந்துக்குள்ளேயே போய் வருகிறோம், அவ்வளவு பெரிய கடலில் என்ன? பெருசுகள் கிளப்பிவிடும் பயம்தானே இது?"

ஜனவரி 11, இரவு

பெருசு ஆஜர். வேளச்சேரியை நீங்களே இழுத்தது வசதியாகப் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டியபோது அதே சந்துக்குள் மேப்பை நம்பி வண்டியை விட்டிருப்பீர்களா? தெரு எங்கே இருக்கிறது என்று மேப்புக்குத் தெரியும், தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியாது. தீவுக்கூட்டத்துக்குள் உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்.

நான் போனது 2023 பிப்ரவரியில். நண்பரின் 36 அடிப் படகு, அடியில் துடுப்பு போல நீட்டும் கீல் தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்கும். படகுக்காரர், நான், ராமேஸ்வரத்து அண்ணன் ஒருவர், மொத்தம் மூன்று பேர். அண்ணன் மண்டபம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றியே வளர்ந்தவர். அவர்கள் ஊரில் பவளப்பாறை என்று யாரும் சொல்வதில்லை, பார் என்றுதான் சொல்வார்கள். முதல் நாளே எங்கள் பிளாட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "பார் தெரியணும்னா பாக்கணும் தம்பி" என்றார். வார்த்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

சுருக்கமாகச் சொன்னால், வெயில் உச்சியில் இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், தண்ணீரின் கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்நுனியில், நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை பார்களுக்கு நடுவே போகலாம், மற்ற நேரத்தில் நங்கூரத்தில் கிடக்க வேண்டியதுதான். ஜிபிஎஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவது ஆள்.

ஜனவரி 12

"தண்ணீரில் என்ன பார்ப்பது, எல்லாம் நீலம்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெரினாவில் நின்று கேட்டால் நியாயமான கேள்வி. நம் கரையில் அடி மண் கலங்கியே கிடக்கும், முழங்கால் ஆழத்தில் நம் காலே தெரியாது. அங்கே பத்து மீட்டர் ஆழத்தில் நங்கூரச் சங்கிலி எந்தப் பக்கம் வளைந்து கிடக்கிறது என்று படகில் இருந்தபடியே பார்த்தேன்.

கருநீலம் என்றால் ஆழம், கவலை இல்லை. நீலம் வெளுத்துப் பச்சை கலந்து வந்தால் அடியில் மணல், மூன்று முதல் ஐந்து மீட்டர் இருக்கலாம். வெள்ளையாக ஒளிர்ந்தால் மணல் மேலே வந்துவிட்டது. பழுப்பாகவோ, பித்தளைப் பாத்திரம் துலக்காமல் வைத்த நிறத்திலோ தெரிந்தால் அது பார், அதற்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்று ஆராய்ச்சி பண்ணக்கூடாது, திருப்பிவிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் கடல்புல் திட்டும் கருப்பாகத்தான் தெரியும். மேக நிழலும் அப்படியே. முதல் இரண்டு நாள் நான் அணியத்தில் நின்று கத்திய கத்தலில் பாதி மேக நிழலுக்குத்தான். அண்ணன் சுக்கானைத் திருப்பவே மாட்டார், "அது நடக்குது பாரு" என்பார். நிழல் நகரும், பார் நகராது. எளிய விஷயம்தான், ஆனால் படகும் நகர்ந்துகொண்டிருக்கும்போது எது நகர்கிறது என்று பிடிபட எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஜனவரி 13

சார்ட், அதாவது கடல் வரைபடம் பற்றி. இந்தியக் கடல் சார்ட்டுகளை அச்சிடும் கடற்படை அலுவலகம் டேராடூனில் இருக்கிறது. ஆமாம், இமயமலை அடிவாரத்தில்தான். அதைக் கேட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு ஹேவ்லாக் வரை ஓயவில்லை. சார்ட்டுகள் நல்ல சார்ட்டுகள், அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் போன் ஆப்பில் இருப்பது எந்த வருடம் ஆழம் பார்த்து எடுத்த அளவை என்பதுதான் என் கேள்வி.

ஏன் என்றால் 2004 டிசம்பர் 26. நமக்கு அது சுனாமி நாள். அந்தமானில் அன்றைக்குத் தரையே ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கியது. வட அந்தமானின் மேற்குக் கரையும் இன்டர்வியூ தீவுப் பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டன, தண்ணீருக்குள் இருந்த பவளம் வெயிலுக்கு வந்து செத்தது. போர்ட் பிளேர் பக்கம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்கியது. கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கரையில் இருந்த கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போய்விட்டது. 2004க்கு முந்தைய அளவையில் இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தால் இன்றைக்கு அது ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம், இடத்தைப் பொறுத்து.

போர்ட் பிளேரில் ஒருநாள் ஓய்வு கிடைத்தால் ஆட்டோ பிடித்து சிப்பிகாட் போய்ப் பாருங்கள். நெல்வயலாக இருந்த இடம். நான் பார்த்தபோது தண்ணீருக்குள் தென்னை மரங்கள் மொட்டையாக நின்றன, பக்கத்துச் சாலையில் பேருந்து போய்க்கொண்டிருந்தது. சார்ட்டில் ஒரு எண் மாறுவது என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஜனவரி 13, மதியம்

போர்ட் பிளேர் இல்லை, ஸ்ரீ விஜயபுரம் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி, 2024 செப்டம்பரில் பெயர் மாறியது தெரியும். ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு என்று ஆனது அதற்கு முன்பே, 2018இல். எனக்குத்தான் வாய் வரவில்லை, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஸ்ரீவிஜயம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பல் கொண்டுபோய் அடித்த நாட்டின் பெயர். அந்த மெய்க்கீர்த்தியிலேயே நிகோபாருக்கு மாநக்கவாரம் என்று அருமையான தமிழ்ப் பெயர் கிடக்கிறது. அதை விட்டுவிட்டோம். போகட்டும், கடலுக்கு வருவோம்.

ஜனவரி 15

தரைதட்டிய கதையைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், பெருமை இல்லை.

பிப்ரவரி 6, தைப்பூசத்துக்கு மறுநாள். காலையில் ஹேவ்லாக்கில் கிளம்பியிருக்க வேண்டியவர்கள் இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை ஊற்றலாம் என்று உட்கார்ந்து பதினொன்றரைக்குத்தான் நங்கூரம் தூக்கினோம். நீல் தீவுக்குத் தெற்கு நோக்கிப் போக வேண்டும், வாடை முதுகில், நல்ல ஓட்டம், பிறகு ஒரு மணிவாக்கில் காற்று செத்துவிட்டது. எஞ்சினைப் போடாமல் அடம்பிடித்தது நான்தான். நீலின் வடகரையை நெருங்கும்போது மூன்று தாண்டிவிட்டது.

வெயில் அணியத்துக்கு வலப்பக்கம் இறங்கியிருந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளித்தகடு. கண்ணாடி போட்டும் ஒன்றும் தெரியவில்லை. பிளாட்டரில் வழி சுத்தமாக இருந்தது, ஆழமானி ஒன்பது, எட்டு, எட்டு என்று சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று 2.6 என்றது, நான் வாயைத் திறப்பதற்குள் கீல் தட்டிவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை. அம்மியில் கல்லுப்பு அரைபடுவது போல ஒரு நறநறப்பு, அது காலில்தான் கேட்டது, காதில் இல்லை.

தப்பித்தது அண்ணனால். பெரிய பாயை இழுத்துக் கட்டச் சொல்லி, பாயின் அடியைத் தாங்கும் கட்டையான பூமை ஒரு பக்கம் தள்ளி, எங்கள் இரண்டு பேரையும் அதன் மேல் குப்புறப் படுக்க வைத்தார். படகு சாய்ந்தால் கீல் அவ்வளவுக்கு மேலே வரும். அப்புறம் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு, வந்த வழியிலேயே உருவி எடுத்தோம். கீலின் அடியில் ஒரு முழத்துக்குப் பெயின்ட் போச்சு.

சார்ட் தப்பு. அந்தப் பார் அதில் இல்லவே இல்லை. இதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஜனவரி 16

நேற்று எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். ராத்திரி படகுக்காரருக்குப் போன் போட்டேன், அவர் பிளாட்டரில் அன்றைய தடத்தை இன்னும் வைத்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் பார் இருக்கிறது. அழகாக, புள்ளிக்கோடு போட்டு, தட்டிய இடத்திலேயே இருக்கிறது. நாங்கள் தீவு முழுவதும் தெரிகிற அளவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம், அந்த அளவில் சின்ன விவரங்களைப் பிளாட்டர் மறைத்துவிடும். இரண்டு வருடமாக நான் சார்ட்டைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆறுதலுக்கு ஒன்று. 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் வோல்வோ போட்டியில் வெஸ்டாஸ் அணியின் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பாரில் ராத்திரியில் முழு வேகத்தில் ஏறியது. ஒன்பது பேர், செய்தியாளர் ஒருவர் தவிர எல்லோரும் தொழில்முறை மாலுமிகள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அங்கேயும் சார்ட்டில் பார் இருந்தது, போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனவே தம்பி, முதல்நாள் ராத்திரியே மறுநாள் வழி முழுவதையும் அடிமட்டம் வரை பெரிதாக்கி விரலால் தடவிப் பாருங்கள்.

ஜனவரி 16, இரவு

இன்னொரு திருத்தம், இது முக்கியமானது. காலை பத்து முதல் மாலை நான்கு என்று 11ஆம் தேதி எழுதினேன். அது நம் ஊர்க் கணக்கு. அந்தமானிலும் கடிகாரம் இந்திய நேரம்தான், ஆனால் சென்னையைவிடப் பன்னிரண்டரை டிகிரி கிழக்கே இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிடம் வைத்தால் ஐம்பது நிமிடம். பிப்ரவரியில் அங்கே உச்சிவெயில் பதினொன்றரைக்கு, ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நாங்கள் தட்டிய மூன்று பத்து என்பது மெரினா வெயிலுக்கு நான்கு மணி.

ஆக ஒன்பதிலிருந்து இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. அதற்குள் நங்கூரம் விழுந்திருக்க வேண்டும். தோசை விஷயத்தில் நான் மனம் திருந்திவிட்டேன், காலையில் அவல்தான்.

மேற்கே போகும் நாளில் சீக்கிரம் கிளம்புங்கள், கிழக்கே போகும் நாளில் கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை, வெயில் முதுகுக்கு வந்துவிடும். வழியைத் தூரத்தை வைத்துப் போடாமல் வெயிலை வைத்துப் போடுங்கள் என்று சொன்னால் உங்கள் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜனவரி 18

எண்ணூர்க்காரர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: தட்டும்போது கடல் ஏற்றமா, வற்றமா?

வற்றம். பௌர்ணமி வற்றம். சென்னையில் ஏற்ற வற்ற வித்தியாசம் பெரிய நாளிலேயே ஒரு மீட்டர்தான், நாம் அதைக் கணக்கிலேயே வைப்பதில்லை. போர்ட் பிளேரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரும். நாங்கள் தட்டியபோது வற்றம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருக்கும். அதற்குள் உருவிக்கொண்டோம். என்ன அவசரம் என்று அப்போது தெரியாமல் பூமில் படுத்துக்கொண்டு நான் அண்ணனைத் திட்டினேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் வற்றத்தில் தட்டியதே நல்லது. உருவ முடியாமல் போயிருந்தாலும் ராத்திரி ஏற்றம் தூக்கிவிட்டிருக்கும். ஏற்றத்தின் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தால்? அதுவும் பௌர்ணமி ஏற்றத்தில்? அந்த உயரத்துக்குத் தண்ணீர் மறுபடி வர அடுத்த அமாவாசை ஆகும், அங்கேயே திதி கொடுத்திருப்போம்.

உங்கள் பத்து நாளுக்குள் தைப்பூசம் வருகிறது, பிப்ரவரி 11. பார்த்துக்கொள்ளுங்கள். புது இடத்துக்குள் நுழைவது வற்றத்தின் கடைசியிலோ ஏற்றம் தொடங்கும்போதோ இருந்தால் நல்லது, பார் தலையைக் காட்டும், தட்டினாலும் தண்ணீர் தூக்கும். வெயிலும் இதுவும் ஒரே நேரத்தில் வாய்க்காது. அந்த நாளில் வெயில் பக்கம்தான் நான் ஓட்டுப் போடுவேன்.

ஜனவரி 19

நங்கூரம். மணலில் மட்டும் போடுங்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு, செத்த பவளத் துண்டை ஊருக்கு எடுத்துவந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். சட்டத்தை விடுங்கள், 1998, 2010, 2016 என்று மூன்று முறை கடல் சூடேறிப் பவளம் வெளுத்து, அதில் பிழைத்துக் கிடப்பதன் மேல் நாம் இரும்பைப் போட்டு இழுப்பதா?

பதினைந்து மீட்டர் ஆழம் என்றால் 75 மீட்டர் சங்கிலி. டிங்கிக்காரர்களுக்கு இது நம்பவே வராது, எனக்கும் வரவில்லை. லாங் ஐலண்டில் ஒருநாள் காலை நங்கூரத்தைத் தூக்கினால் சங்கிலி மட்டும் லேசாக வந்தது, நுனியில் ஒன்றும் இல்லை. பாரிமுனையில் ஒரு கடையில் நான் வாங்கிக்கொடுத்த ஷேக்கிள், சங்கிலியையும் நங்கூரத்தையும் இணைக்கும் இரும்பு வளையம். துருப்பிடிக்காது என்று அடித்துச் சொல்லி விற்றார்கள், மூன்றே வாரத்தில் மரை எல்லாம் செம்மண் நிறம். திட்டிக்கொண்டே முகமூடி மாட்டி இறங்கினால் நங்கூரம் ஒன்பது மீட்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, ஷேக்கிள் வளையமும் கூடவே இருக்கிறது, ஆணி மட்டும் கழன்று பக்கத்தில் கிடக்கிறது. ஆணியைக் கம்பி போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அதைக் கட்டாதது கடைக்காரர் இல்லை. (துரு மட்டும் அவர் கணக்கு.)

ஜனவரி 21

பல பேர் கேட்டதால் சில்லறை விஷயங்கள். காய்கறிக்கு போர்ட் பிளேர் அபர்தீன் பஜார், தமிழிலேயே பேரம் பேசலாம். தக்காளியைச் செங்காயாக வாங்கித் தாளில் சுற்றி வையுங்கள். தண்ணீர் அளந்துதான், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழையை நம்ப முடியாது, நாங்கள் குளித்தது எல்லாம் கடல்நீரில், கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். ஆடும் அடுப்பில் ரசம் வைக்கலாம், சாம்பார் வேண்டாம், அனுபவம். சதுப்புக் காட்டு ஓடைகளில் மட்டும் குளிக்கவே குளிக்காதீர்கள், உப்புநீர் முதலை உண்டு, கதை இல்லை.

வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் போகக்கூடாது. ஜாரவா பழங்குடிக் காப்பகக் கரையும் அப்படித்தான். சாகசம் பேசும் நண்பர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் அவரை சென்னையிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹேவ்லாக்குக்குக் கிழக்கே ஒரு மதியம், இலை அசையாத அமைதி, கடல் எண்ணெய் ஊற்றியது போல. திடீரென்று வெளிக்கடல் பக்கம் ஆற்று மதகு திறந்தது போல இரைச்சல். பார்த்தால் அடிவானம் வரை ஒரு பட்டையாகத் தண்ணீர் கொதித்துக்கொண்டு எங்களை நோக்கி வருகிறது. காற்றே இல்லை. எனக்கு 2004தான் ஞாபகம் வந்தது, கை நடுங்கியது. வந்தது, படகைக் கால் மணி நேரம் சோற்றுப்பானை போல ஆட்டியது, போயிற்று, பின்னால் மறுபடி கண்ணாடி. அந்தமான் கடலில் இது பழக்கப்பட்ட விஷயமாம், ஆழத்தில் குளிர்ந்த நீரும் மேலே சூடான நீரும் சேரும் எல்லையில் ஓடும் பெரிய அலையின் மேல்விளைவு. உள்ளே அந்த அலை பல பத்து மீட்டர் உயரம் இருக்குமாம், மேலே நமக்குத் தெரிவது அந்தக் கொதிப்பு மட்டும். அண்ணனும் இதைப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒருநாள்தான் அவர் பேசாமல் இருந்தார்.

பிப்ரவரி 9

தம்பி படம் அனுப்பியிருக்கிறார், "இந்த வளைகுடாவுக்குள் நுழையலாமா, பார் எங்கே இருக்கிறது?" என்று. படம் எடுத்த நேரம் 10.40. பாய்மரத்தின் நிழல் உங்களுக்கு முன்னால் விழுந்திருக்கிறது, அதாவது வெயில் முதுகில், சபாஷ். இடப்பக்கம் அந்தப் பித்தளைக் கறை கரையிலிருந்து நீட்டிக்கொண்டு வருகிறதே, அது பார், அதன் நுனி தண்ணீருக்குள் இன்னும் கொஞ்ச தூரம் போகும், விலகியே இருங்கள். நடுவில் வெளிர்பச்சை மணல், அங்கே நங்கூரம் போடலாம் போலத்தான் தெரிகிறது.

வலப்பக்கத்துக் கருப்புத் திட்டுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதே இடத்தில் நின்று ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், அது நடக்கிறதா பார்ப்போம்.